தீவுக்குப் போகத் தாத்தா கண்விழித்த பரணி

முழங்குக முரசு. முரசில்லா வீடாயின் எவர்சில்வர்த் தட்டொன்றும் கரண்டியொன்றும் போதும். இங்கே பாடப்படுபவர், பேருந்துப் பணிமனையில் முப்பத்தைந்தாண்டு நேர அட்டவணை எழுதி நூற்றிருபது வண்டிகளை நிமிடம் பிசகாமல் ஓடவைத்த விரலினர். ஓய்வுபெற்ற பின்னரும் வீட்டில் டீ வந்தால் "மூணு நிமிஷம் லேட்டு" என அறிவிக்கும் நாவினர். இடது முழங்காலில் மட்டும் வானிலை ஆய்வு நிலையம் நடத்திவரும் தாத்தாப் பெருமான். அவர் புகழைப் பாடத்தக்க சொல்வளம் நமக்கில்லை. வேறு ஆள் அகப்படாததால் நாமே பாடுகிறோம்.

அப்பெருமானின் நெஞ்சில் ஓர் ஆசை கிளர்ந்தது. படகில் ஒன்றரை மணி நேரம் சென்றால் ஒரு தீவு. அங்கே தம் பேத்தியர் இருவரையும், பெற்றோர் துணையின்றி, தாமும் தம் மனையாளும் மட்டும் அழைத்துச் சென்று, நான்கு நாள் வைத்திருந்து, எண்ணிக்கை குறையாமல் திருப்பிக் கொணர்வதே அவ்வாசை. மூத்தவளுக்கு ஆறு வயது; எதையும் குறுக்கு விசாரணை செய்யாமல் விடாததால் வீட்டில் வக்கீல் என்று பெயர். இளையவளுக்கு மூன்றரை, புல்டோசர் என்று பெயர் வந்த காரணத்தை, எட்டில் மிஞ்சிய இரண்டு பூச்சாடிகள் சொல்லும். மகளும் மருமகனும் நாலு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்பதே பயணத்தின் நோக்கமென்று பெருமான் ஊருக்கெல்லாம் உரைத்தார். உரைக்காத காரணம் ஒன்றும் இருந்தது. சில வாரங்களுக்கு முன் மகள் யாரிடமோ தொலைபேசியில், "அப்பாவை நம்பி விடமுடியாதுப்பா, வயசாயிடுச்சு" என்று சொன்னது, பக்கத்து அறையில் செருப்புத் தேடிக்கொண்டிருந்தவரின் காதில் விழுந்துவிட்டது. அன்றைக்குச் செருப்புக் கிடைத்தும் அவர் வெளியே போகவில்லை.

எனவே எழுந்தது அட்டவணை. பழைய நாட்காட்டியின் தாள்கள் எட்டினைப் பின்புறமாக ஒட்டி, அளவுகோலால் கோடிழுத்து, நீல மையில் நிகழ்வும் பச்சை மையில் நேரமும் தீட்டி, கூடத்துத் தரையில் அதை விரித்தபோது, வீட்டிலுள்ளோர் சுவரோரமாகவே நடக்க வேண்டியதாயிற்று. அதில் பெருமான் ஓட்டுநர், தையல் எந்திரத்தின் முன் நாற்பதாண்டு அமர்ந்து ஊருக்கே ரவிக்கை தைத்த அவர் மனையாள் நடத்துநர், பேத்தியர் பயணிகள். மணற்கோட்டை கட்டுதல் நாற்பது நிமிடம். கோட்டை இடிந்ததற்கு அழுதல் பத்து நிமிடம். சிறுநீர் நிறுத்தங்கள் பதினாறு. அழுகைக்கே நேரம் ஒதுக்கிய பேரறிவைக் கண்டு மருமகன் மெதுவாக அலுவலகம் கிளம்பிவிட்டார்.

ஆனால் ஒப்புதல் முத்திரை மகளிடம் இருந்தது. மகளோ நாற்பது படுக்கை வார்டின் தலைமைச் செவிலி. பதினெட்டுச் செவிலியருக்கு மாதந்தோறும் பணிமுறை எழுதுகிறவள். ஓட்டையைக் கண்டுபிடிப்பதில் கொசுவை விஞ்சியவள். சிவப்புப் பேனாவோடு தரையில் மண்டியிட்டு, முதல்நாள் விடியலிலிருந்து வரிவரியாக ஊர்ந்து வந்தவள், பிற்பகல் என்னும் எல்லையில் நின்றாள். அங்கே பச்சையும் நீலமுமாக எழுதியிருந்தது: 2.00 முதல் 4.00 வரை, ஓட்டுநர் ஓய்வு, நடத்துநர் ஓய்வு. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாளும், நான்காம் நாளும் அப்படியே.

"அப்பா, ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் நீங்களும் தூங்குறீங்க, அம்மாவும் தூங்குறாங்க. அப்போ பிள்ளைங்களை யாரு பாத்துக்குறது, கடலா?"

பணிமனை மரபில் ஓட்டுநரும் நடத்துநரும் ஓய்ந்தால் வண்டியும் கொட்டகையில் ஓய்ந்து நிற்கும். முப்பத்தைந்தாண்டில் எந்த வண்டியும் தானாகக் கட்டில் மேல் ஏறிக் குதித்ததில்லை. வார்டு மரபிலோ செவிலி ஓய்ந்தாலும் நோயாளி ஓய்வதில்லை. இருபெரும் பணிமுறை மரபுகள் மோதியதில், முன்னது மண்ணைக் கவ்வியது. போதாக்குறைக்கு, நடத்துநராக நியமனம் பெற்றிருந்த மனையாள் அணிமாறி, உண்ட பின் இவருக்குக் கண் சொருகினால் காதருகே பட்டாசு வெடித்தாலும் எழமாட்டார் என்று சாட்சியம் அளித்தாள். தன் குறட்டையைப் பற்றி அவள் ஏதும் கூறவில்லை.

அப்போது பெருமான் நிமிர்ந்தார். முழங்கால் கடகடத்தது.

"அந்த ரெண்டு மணி நேரமும் நான் முழிச்சிருக்கேன்."

"சரி. வர்ற ஞாயித்துக்கிழமை பாத்துருவோம். டிவி கிடையாது, போன் கிடையாது. கண்ணு மூடினீங்கன்னா தீவு கிடையாதுப்பா."

வந்தது ஞாயிறு. வேண்டுமென்றே மகள் மூன்றாம் முறையும் சோறு பரிமாறினாள். வேண்டாமென்று சொல்லும் வீரத்தைப் பெருமான் எப்போதுமே பெற்றிருக்கவில்லை. மணி இரண்டு அடித்தது. மனையாள் உள்ளறையில் சாய்ந்த நொடியே துயின்றாள். மகளும் மருமகனும் அடுத்த அறைக்குள் சென்று கதவைச் சாத்தினர். களத்தில் எஞ்சியோர் மூவர். எதிரே நித்திரை மன்னன் தன் படைகளை அணிவகுத்தான்: வயிற்றிலே சோற்றுப்படை, தலைக்கு மேலே மின்விசிறிப்படை, பின்னாலே, முப்பதாண்டாக அவர் முதுகின் வடிவை மனப்பாடம் செய்துவைத்திருக்கும் சோபாப்படை.

முதல் அரைமணி பெருமானுக்கே. புல்டோசர் தண்ணீர்க் கூஜாவைக் கவிழ்த்தாள், துடைத்தார். கழிவறைக்கு மும்முறை போனாள். மூன்றாவது முறை சும்மா பார்த்துவிட்டு வந்தாள். தீவின் அடியில் என்ன இருக்கிறது, அது மிதக்கிறதா, மிதந்தால் நாம் தூங்கும்போது வேறெங்காவது போய்விடாதா என வக்கீல் அடுக்கிய வினாக்களுக்கு, யானைமேலிருந்து வேல்மாரியைத் தாங்கும் வேந்தனைப் போல அவர் விடை சொல்லிக்கொண்டிருந்தார். ஆயினும் இரண்டு நாற்பதுக்கு, கடற்கோட்டையின் முதல் விரிசலைப் போல ஒரு கொட்டாவி பிறந்தது. அதன் பின்னே அதன் தம்பியர் வந்தனர். இரண்டு ஐம்பதுக்கு இமைக்கதவுகள் தாழ்ந்தன. தலை மெல்ல மார்பை நோக்கி இறங்கியது. தீவு அடிவானத்தில் மங்கியது. அந்நேரம் புல்டோசர் மடியிலேறி, பிசுபிசுத்த விரலால் அவருடைய வலது இமையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா கடையைச் சாத்திட்டாரு" என்று அக்காளுக்கு அறிவித்தாள்.

துள்ளி எழுந்தார் பெருமான். எழுந்து, தம்மிடமிருந்த இறுதிப் படைக்கலத்தை எடுத்தார்: அட்டவணை. அதைத் தரையில் விரித்து, பேத்தியர் இருவரையும் இருபக்கம் கிடத்தி, பணிமனை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் அதே குரலில் படிக்கத் தொடங்கினார். ஆறு பத்து, துயிலெழல். ஆறு பதினைந்து, பல் துலக்கல், பயணியர் இருவர். ஆறு இருபத்தைந்து, பல் துலக்கியதை உறுதி செய்தல். முதல்நாள் நண்பகலில் வக்கீல் வினாக்களைக் கைவிட்டாள். இரண்டாம் நாள் காலைச் சிற்றுண்டியில் புல்டோசர் வீழ்ந்தாள். நூற்றிருபது வண்டி அசைந்தோடிய அந்தத் தாளம், தொட்டிலைப் போல இருவரையும் ஆட்டி உறங்கவைத்தது.

அந்தோ, அப்போதுதான் உண்மையான ஆபத்து சூழ்ந்தது. கேள்வி கேட்பார் இல்லை. இமை தூக்குவார் இல்லை. விசிறியின் உறுமல் மட்டுமே. மணி மூன்று இருபது. பெருமான் தொடையைக் கிள்ளிக்கொண்டார். மறந்துபோய், கிள்ளிய இடத்திலேயே திரும்பவும் கிள்ளிக்கொண்டார். கண்கள் தாமாக மூன்றாம் நாளின் மாலையில் நகர்ந்து, அங்கே குத்திட்டு நின்றன. தீவைச் சுற்றிக்காட்டும் படகு புறப்படுவது நான்கு பத்து. விடுதி வண்டி துறைக்கு வந்து சேர்வது நான்கு பதினைந்து. ஐந்து நிமிடப் பிழை. அதுவும் அவர் கையெழுத்தில். குளிர்நீரில் தள்ளியதைப்போல் அவர் உடல் முழுதும் விழித்துக்கொண்டது. நாலுகாலில் ஊன்றி, தாளின்மேல் கவிழ்ந்து, பேனாவால் நேரங்களை நகர்த்தத் தொடங்கினார்.

மூன்று நாற்பதுக்கு அவர் முதுகுக்குப் பின்னே ஓர் ஒலி. கிளிக்கென்றுகூட இல்லை; கிளிக்கில் பாதி. மனிதக் காதுக்கு எட்டாத ஒலிதான் அது. ஆனால் சீட்டு எழுதாமல் பணிமனையை விட்டு எந்த வண்டி நழுவினாலும் ஏட்டிலிருந்து தலைதூக்காமலே அறிந்த காது அவருடையது. திரும்பினார். ஓசையின்றி எழுந்துபோன புல்டோசர், நாற்காலியை இழுக்காமல், செருப்பு வைக்கும் பலகையின்மேல் ஏறி, தெருக்கதவின் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டிருந்தாள். கதவிடுக்கில் வெயில் ஒரு கோடாக விழுந்தது. அப்பால் தெரு, தெருவில் தண்ணீர் லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

அந்த ஏழடியை அந்த முழங்கால் எவ்வாறு கடந்தது என்பதை எந்த மருத்துவ நூலும் விளக்காது. புல்டோசரின் ஒரு கால் வாசற்படியைத் தாண்டியபோது, அவள் கவுனின் பின்பக்கம் பெருமானின் கையில் இருந்தது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்து, தாழைப் போட்டு, கதவில் சாய்ந்து மூச்சு வாங்கியவர், அப்போதுதான் எதிரே பார்த்தார். அடுத்த அறையின் கதவு திறந்திருந்தது. மகள் கூடத்தின் பாதிவரை ஓடி வந்து நின்றிருந்தாள். இரண்டு மணியிலிருந்து கதவிடுக்கு வழியே பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அவளும் ஒரு நிமிடம்கூடத் தூங்கவில்லை. ஓடினாள், ஆனால் அவளுக்கு முன்னே அப்பா போய்விட்டார்.

அவள் வந்து, சின்னவளை வாங்கிக்கொண்டு, அவரைக் கைபிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, முழங்காலைச் செவிலியின் விரல்களால் அழுத்திப் பார்த்தாள். பின் தரையில் கிடந்த அட்டவணையை எடுத்து, இரண்டு ஐம்பதுக்குச் சாய்ந்த தலையைக் கணக்கில் சேர்க்காமல், ஓட்டுநர் ஓய்வை மூன்று மணியோடு வெட்டி, நடத்துநர் ஓய்வை மூன்றில் தொடங்கிவைத்தாள்.

"இப்படி மாத்தி மாத்தித் தூங்குங்க. அங்க தாழ்ப்பாள் எவ்வளவு உயரத்துல இருக்குன்னு விடுதிக்காரங்ககிட்ட கேட்டுக்கறேன்" என்றாள். "நான் முன்னாடி போன்ல ஒண்ணு சொன்னேன்ப்பா, உங்களைப் பத்தி. காதுல விழுந்திருந்தா அதை விடுங்க."

பெருமான், விண்ணோர் மலர்மாரி பொழிய, திசைகள் எட்டும் வெற்றி வெற்றி என முழங்க, கடலும் தன் அலைக்கரங்களைக் குவித்து வருக வருகவென அழைக்க, மூன்றாம் நாள் மாலையில் அந்த ஐந்து நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்று அவளிடம் கேட்டார்.

படகுக்கு நாலு டிக்கெட் போட்டார்கள்.