மோப்பத்தின் மூக்கும் என் மேஜைமேல் இருந்த பாட்டிலும்

கரையான்சாவடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரே ஒரு மாவு மெஷினோடு ஆரம்பித்தவன் நான். இன்றைக்கு மூன்று மில், காட்டுப்பாக்கத்தில் மாடி வீடு, இன்ஜினியர் மகள், ஐ.டி. மாப்பிள்ளை. எல்லாம் ஐந்தாம் கிளாஸ் படிப்பில். 'உனக்கு எவன் கரண்ட் கனெக்‌ஷன் குடுப்பான்' என்று சிரித்தவர்கள் வீட்டு மிளகாயும் இப்போது என்னிடம்தான் அரைபடுகிறது. இத்தனையும் நான் கட்டினேன். மோப்பத்தின் மூக்கை மட்டும் கடவுள் கட்டினார்.

மோப்பம் என் மில்லில் மெஷின் ஓட்டுகிறவன். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான். பூந்தமல்லியிலிருந்து பட்டாபிராம் வரை அப்படி ஒரு மூக்கு கிடையாது. டப்பாவின் மூடியைத் திறப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடுவான்.

"அக்கா, மல்லி வெயில்ல காயல. ஃபேன்ல காஞ்சிகீது. எடுத்துகினு போ."

"மழ பேஞ்சா நான் இன்னாய்யா பண்றது?"

"பூசணம் புடிச்சா என் பேரத்தான சொல்லுவ?"

ஒருமுறை வரிசையில் நின்ற ஒரு சாரிடம், "ஊட்ல அடுப்ப நிறுத்தாம வந்துட்டீங்களா? சட்டையில பால் தீஞ்ச வாட அடிக்குது" என்றான். அவர் ஓடினார். பாத்திரம் போயிற்று, வீடு பிழைத்தது.

அப்புறம் அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் மெஷின் பெல்ட் கருகி, வரிசையில் நின்ற பெண்களெல்லாம் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். மோப்பம் மட்டும் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அன்று சாயந்திரம் மில் சாவியை என் மேஜையில் வைத்தான். "பொங்கலோட நின்னுக்கிறேன் நைனா. மூக்கு இல்லாத மோப்பம் உனக்கு இன்னாத்துக்கு?"

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

"தெனம் எதனா மோந்து மோந்து பழக்கணுமாம்."

"மில்லுல இல்லாத வாசனையா?"

"எல்லாம் தெரிஞ்ச வாசன நைனா. மொளகா டப்பாவக் கண்ணால பாத்தாலே மொளகா அடிக்கிற மாரி கீது. மனசு பொய் சொல்லுது."

அந்த வாரம்தான் வெளிநாடு போய்வந்த மாப்பிள்ளை ஒரு பாட்டில் கொண்டுவந்தார். சிங்கிள் மால்ட் விஸ்கியாம். என் மேஜையில் வைத்து, அட்டைப்பெட்டியைப் படித்தார். "காஞ்ச திராட்சை, ஆரஞ்சுத் தோல், கிராம்பு, பட்டை, வால்நட், கிறிஸ்துமஸ் கேக். எல்லாம் பண்டிகை வாசனை மாமா." நான் கிளாசைத் துடைத்தாயிற்று.

வாசலில் நின்ற மோப்பம் கேட்டான். "அதெல்லாம் உள்ள போட்டுகீறாங்களா தம்பி?"

"ஒண்ணும் போடலைண்ணே. ஷெர்ரின்னு ஒரு ஒயின் இருந்த மரப் பீப்பாயில வருஷக்கணக்கா கெடந்து வந்த வாசனை."

மோப்பம் என் கையிலிருந்து கிளாசை வாங்கினான். "போடாமயே ஆறு வாசன. கண்ணு ஏமாத்த முடியாது. ஆறும் புடிச்சா மில்லுல கீறேன். இல்லாங்காட்டி பொங்கலுக்குக் கெளம்பறேன். அதுவரைக்கும் இத எவனும் தொடக் கூடாது."

தினமும் காலையில் மோட்டார் போடுவதற்கு முன் மூடியளவு கிளாசில் ஊற்றுவான். கால்மணி நேரம் மோந்து பார்ப்பான். நாக்கில் ஒரு சொட்டு வைப்பான். அவ்வளவுதான். பக்கத்து லேத் பட்டறைக்காரர் சுக்காவும் சோடாவுமாக மூன்று தடவை வந்து பார்த்தார்.

"அண்ணாத்தே, இது இன்னா சரக்கா, தீர்த்தமா?"

"சோடாவோட உள்ள வந்த, உன் மண்டையத் தொறந்துடுவேன் மாமே" என்றான் மோப்பம்.

முதல் பத்து நாள், என்ன தெரிகிறது என்று கேட்டால், "கண்ணு எரியுது" என்பான். பதினோராம் நாள், "பல்லு டாக்டர் ரூம் மாரி ஒண்ணு தாண்டிப் போவுது" என்றான். கிராம்பு. அப்புறம் பட்டை வந்தது, ஆரஞ்சுத் தோல் வந்தது, திராட்சை வந்தது. வால்நட் எப்படி இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாததால் வாங்கித் தின்று தெரிந்துகொண்டோம்; அதுவும் வந்தது.

கேக்தான் வரவில்லை. பஜாரில் இருக்கும் பேக்கரி ஒன்று விடாமல் கேக் வாங்கி வந்து மென்றான். "இது டால்டா. இது செர்ரின்னு பொய் சொல்ற களாக்கா. பாட்டில்ல கீறது இது இல்ல."

"அஞ்சு புடிச்சாச்சே, பாஸ்தானேண்ணே?" என்றார் மாப்பிள்ளை.

"நான் சொன்னது ஆறு தம்பி."

கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு ஸ்டெல்லா டீச்சர் வந்தார். கேக்கில் போடும் மசாலாவை வருஷா வருஷம் எங்களிடம்தான் அரைப்பார். வரிசையில் ஏழாவது ஆள். மெஷினில் மிளகாய் ஓடிக்கொண்டிருக்கிறது. மோப்பம் தலையைத் தூக்கினான்.

"டீச்சர், இந்த வருஷம் ஜாதிக்கா ஜாஸ்தி."

"டின்னு மூடியிருக்கேப்பா" என்றார் டீச்சர். பிறகு மெதுவாக, "ஆமா. ஒண்ணு போடற எடத்துல மூணு போட்டுட்டேன்."

மோட்டாரை நிறுத்திவிட்டு என் அறைக்கு ஓடிவந்து பாட்டிலை மூக்கில் வைத்தான். "இதான் நைனா ஆறாவது. கேக்குல தேடிகினு இருந்தேன், மசாலாவுல கீது. பொட்டியில ஜாதிக்கான்னு எழுதவே இல்ல பாரு, ஏமாத்திட்டானுங்க." திரும்பிப் போய் மூட்டைமேல் உட்கார்ந்து, டீச்சரின் டின்னை மடியில் வைத்துக்கொண்டான். அரைமணி நேரம் அதை அரைக்கவும் இல்லை, யாரிடமும் கொடுக்கவும் இல்லை. சாயந்திரம் என்னைக் கேட்காமலே சாவியை எடுத்துக்கொண்டு மில்லைப் பூட்டினான்.

இப்போது டாக்டர் தன் வைத்தியம் என்கிறார். டீச்சர் தன் ஜாதிக்காய் என்கிறார். மாப்பிள்ளை தன் பாட்டில் என்கிறார். என் பங்கை ஒருத்தரும் சொல்லக் காணோம். திறந்த பாட்டிலை மேஜையில் வைத்துக்கொண்டு நாற்பத்தொரு நாள் ஒரு சொட்டுத் தொடாமல் இருந்தவன் நான். இனி இந்தக் கதையை யார் சொன்னாலும் அதை முதலில் சொல்ல வேண்டும். அவனை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை என்பதை வேண்டுமானால் விட்டுவிடுங்கள்.