காட்டில் ஓர் அறிவிப்பு

அன்புள்ள மைத்துனருக்கு அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கே உன் நலத்துக்குக் குறைவிருக்காது, ஏனென்றால் காட்டுக்குப் போனவன் நான்தானே தவிர நீ இல்லை. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லவும்.

நீ பார்சலில் அனுப்பிய கூடாரம் வந்து சேர்ந்தது. "அரசாங்கக் காடு, ஆள் நடமாட்டமே இருக்காது, ரெண்டு நாள் தங்கி நடந்துட்டு வாங்க, மனசுக்கு அமைதியா இருக்கும்" என்று போனில் சொன்னாய். மாப்பிள்ளை, உன் அக்கா போனதிலிருந்து இந்த வீட்டில் அமைதி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. வேண்டுமென்றால் உனக்கும் கொஞ்சம் கட்டி அனுப்புகிறேன். குழாய் சொட்டினால் அதற்குப் பதில் சொல்லலாமா என்று யோசிக்கிற நிலையில் இருக்கிறவனை, இன்னும் அமைதியான இடமாகப் பார்த்து அனுப்பிவைத்த உன் புத்தியை என்னவென்று சொல்வது? ஆனாலும், அக்காவை வழியனுப்பிவிட்டுப் போனவன் அதற்குப் பிறகு இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை, கூடாரமாவது வந்ததே என்று கிளம்பினேன்.

இடம் அழகாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். உயரமான மரங்கள், நடுவில் நடைபாதை, ஓடைக்கரையில் கூடாரம் போடுவதற்கென்று ஒரு மேடு, அந்தப் பக்கம் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட மர மேசைகள். வாசலிலேயே 'சத்தம் போடாதீர்' என்று ஒரு பலகை. பேருந்து நிலையத்தில் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து அறிவிப்புக் கத்தியே ஓய்வு பெற்றவனுக்கு இப்படி ஒரு வரவேற்பு. கூடாரத்தைப் பிரித்தேன். இந்தப் பக்கக் கம்பை நிமிர்த்தினால் அந்தப் பக்கம் படுத்துக்கொள்கிறது, அந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம் படுக்கிறது. ஒருவர் பிடிக்க ஒருவர் கட்ட வேண்டிய சாமானை ஒற்றை ஆளுக்கு அனுப்பலாமா? கடைசியில் நானே நடுவில் உட்கார்ந்து அதைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பசித்தது. ரொட்டிப் பை வெளியே இருந்தது. கையை எடுத்தால் கூடாரம் விழும். விழுந்தால் விழட்டும் என்று எடுத்தேன், விழுந்தது.

அதற்குள்ளிருந்து நான் வெளியே வரவும், மேசைப் பக்கமிருந்து ஒரு பெண்மணி பதறிக்கொண்டு வரவும் சரியாக இருந்தது. "அண்ணே, எங்க மாமனாரப் பாத்தீங்களா? நீலச் சட்டை, கையில குடை. நடந்துட்டு வரேன்னு போனவர் ஆளையே காணோம்" என்றார். என்னிடமும் ஒருவர் பேசிவிட்டார் என்ற சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேட்டின் மேல் ஏறி நின்று தொண்டையைச் செருமினேன். வாயைத் திறந்தால் பழைய குரல் அப்படியே வந்துவிட்டது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நீலச் சட்டை அணிந்து குடையுடன் சென்ற பெரியவர் எங்கிருந்தாலும் உடனடியாக ஓடைக்கரை மேட்டுக்கு வரவும். உங்கள் குடும்பத்தார் காத்திருக்கிறார்கள்." பழக்கதோஷம், மூன்று முறை சொன்னேன். மலை அதை இன்னொரு முறை சொன்னது. காடே ஓடி வந்துவிட்டது. மேலே நடக்கப் போனவர்கள் ஏதோ ஆபத்து என்று பயந்து இறங்கி வந்தார்கள். அபூர்வமான ஒரு பறவைக்காக விடிந்ததிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் புதருக்குள்ளிருந்து எழுந்து வந்தார்கள். அவர்கள் என்னைத் திட்டவில்லை, பறவை பறந்துபோன திசையை மட்டும் கையால் காட்டினார்கள்.

கடைசியாக நீலச் சட்டைக்காரர் குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். "நான் தொலையல சார். வீட்ல எந்நேரமும் கூட்டம். கொஞ்ச நேரம் தனியா உக்காரலாம்னு பாறைக்குப் பின்னால போனேன். அதையும் கெடுத்துட்டீங்க" என்றார். மருமகள் அவர் கையைப் பிடித்துத் திட்டிக்கொண்டே இழுத்துப் போனார். ஒளிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு அந்த மனுஷனுக்கு ஆட்கள் இருக்கிறார்கள், மாப்பிள்ளை. எனக்கு வயிறு எரிந்தது, உன்னிடம் மறைப்பானேன்.

பிறகு வனக்காவலர் வந்தார். "சார், இது பஸ் ஸ்டாண்டு இல்ல" என்றார். என் கூடாரம் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் குரலை இறக்கி, "கூட யாரும் வரலையா?" என்று கேட்டார். "மச்சான் வந்துக்கிட்டிருக்கான்" என்று வாயில் வந்ததைச் சொல்லிவைத்தேன். அவர் நம்பிவிட்டார். கடைசி பஸ் வரும்வரை என்னோடு உட்கார்ந்து வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி எங்கயாவது மாட்டியிருக்கும் சார், வந்துருவாரு" என்று எனக்கு ஆறுதல் வேறு. அவருக்காகவாவது நீ வந்திருக்கலாம்.

ஆகையால் உனக்குத் தெரிவிப்பது என்னவென்றால், கூடாரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இனி எனக்கு யோசனை எதுவும் சொல்ல வேண்டாம். நான் தனியாகச் சௌகரியமாகவே இருக்கிறேன். என் கோபம் தணியும்வரை நீ இங்கே வரவும் வேண்டாம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னைப் போல் யோசனை சொல்லாமல், நீண்ட ஆயுளோடு இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: வர வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும், அதனால் அதைப் படிக்காததாக வைத்துக்கொள். அக்கா இல்லாத வீட்டுக்குள் எப்படிக் காலெடுத்து வைப்பது என்று நீ தயங்குவதாக உன் மனைவி நேற்று போனில் சொன்னாள். தினமும் சாயங்காலம் கதவைத் திறக்கும்போது எனக்கும் அதே தயக்கம்தான். நீ வருகிற அன்று நான் தெருமுனையிலேயே நிற்கிறேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து உள்ளே போவோம்.