அப்பா ஏழை என்று ஒரு கையெழுத்து

“வருட வருமானம் ரூபாய் ஆயிரத்து நூறு” என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு கர்ணம் சிவசுப்பிரமணியன் நிமிர்ந்தார்.

“இது யாருக்குள்ள வருமானம்?”

“எங்க அப்பாவுக்கு” என்றாள் குழல்வாய்மொழி.

“நாறும்பூநாத பிள்ளைவாளுக்கா?”

கர்ணம் சிரிக்க ஆரம்பித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் சிரித்தார்.

“ஏம்மா குழலு, ஆயிரத்து நூறு உங்க வீட்டு வெத்திலைச் செலவுக்குக் காணுமா?”

“வெத்திலையே கடன்லதான் மாமா வருது.”

“நல்லாத் தமாஷ் பண்ணுத.”

அவளுக்கு முன்னால் வந்த லாரி முதலாளிக்கு, வருமானம் தொள்ளாயிரம் என்று அவர் அப்போதுதான் எழுதிக் கொடுத்திருந்தார். முதலாளிக்கு லாரி இரண்டு. இரண்டும் வாசலில்தான் நின்றன. ஏழ்மையை வாங்கிக்கொண்டு முதலாளி ஒன்றில் ஏறிப் போனார்.

செவ்வந்திக்குளம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். அந்த ஊரில் பி.எஸ்ஸி. கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கிய முதல் பெண் குழல்வாய்மொழி. மெட்ராஸில் எம்.எஸ்ஸி.க்கு இடம் கிடைத்திருந்தது. செலவுக்கு சர்க்கார் கடன் கொடுக்கும். வேலை கிடைத்த பிறகு திருப்பிக் கட்டினால் போதும். வசதியுள்ளவர் ஒருவர் போட வேண்டிய ஜாமீன் பக்கத்தில் அவளுடைய கல்லூரி ஆசிரியை ரெபேக்காள் கையெழுத்துப் போட்டுவிட்டார். பாக்கி, அப்பா ஏழை என்ற சான்று ஒன்றுதான். அதில் தாசில்தார் முத்திரை விழ வேண்டும்; பன்னிரண்டு நாளுக்குள் அவள் அதோடு மெட்ராஸ் போய்ச் சேர வேண்டும்.

சேராவிட்டால் வாசுதேவநல்லூரில் தென்னந்தோப்புக்கார அத்தை மகன் ஒருவன் கல்யாணத்துக்குக் காத்திருந்தான். “தேங்கா எண்ணுததுக்கு பி.எஸ்ஸி. காணாதாக்கும்?” என்று கேட்டவன் அவன்.

அப்பா ஏழைதான். அதில் குழல்வாய்மொழிக்குச் சந்தேகமே இல்லை. தேர்வடத்தை முதலில் யார் தொடுவது என்று பங்காளியோடு பதினான்கு வருஷம் வழக்காடி ஜெயித்தவர் நாறும்பூநாத பிள்ளை. வடத்தைத் தொட்ட வருஷம் கணக்குப் பார்த்தால் பதினேழு கோட்டை விதைப்பாடு வயல் வக்கீல் வீட்டுக்குப் போயிருந்தது. மிஞ்சியது அரைக்கோட்டை வயலும், ஒழுகுகிற வீடும், ஒரு ஜரிகை வேட்டியும். சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு பஸ்ஸில்தான் போவார். ஆனால் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, குதிரை வண்டி பிடித்து அருவிக்கரையில் போய் இறங்குவார்.

‘அப்பாவே நேரில் வந்து சொல்லிவிட்டால் கர்ணம் எப்படி மறுப்பார்?’ என்று அவள் நினைத்தாள். முதல் தப்பு அது.

பிள்ளை ஜரிகை வேட்டியோடு வந்தார். கர்ணம் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

“நம்ம பிள்ளைக்கு ஏதோ காயிதம் வேணுமாம்லா?”

“ஆமா அண்ணாச்சி. வருமானம் எவ்வளவுன்னு போடட்டும்?”

“உமக்குத் தெரியாததா? உம்ம இஷ்டம்போல போடும்.”

“பன்னிரண்டாயிரம் போடட்டுமா?”

பிள்ளை மகளைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவர் மீசையை நீவிக்கொண்டார்.

“பன்னிரண்டா? சரி, இந்த வருஷம் மழை கம்மி. இருக்கட்டும்.”

கர்ணம் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். வெளியே வந்ததும் குழல்வாய்மொழிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அப்பா, நான் படிக்கணுமா, வேண்டாமா?”

“படிட்டி. யாரு வேண்டாம்னா? நாறும்பூநாதன் மவ இல்லாதப்பட்டவன்னு எழுதி வாங்கிப் படிச்சாள்னு பேர் எடுக்காமப் படி.”

கர்ணம் எழுதியது தப்பு, நேரில் வந்து விசாரிக்க வேண்டும் என்று அவள் தாசில்தாருக்கு மனு எழுதினாள். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. அவளுக்கு அன்று சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் உட்காரப் பலகை கூட இல்லை, அடுக்களையில் மண் சட்டிதான். இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? அம்மா பிச்சம்மாளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அம்மா அதை அப்பாவிடம் சொன்னாள்.

“ஆபீசர் வீட்டுக்கு வாராரா?” பிள்ளை துள்ளி எழுந்தார். “வெறுங் கூடத்திலயா அவரை உக்கார வைக்கது?”

வெள்ளிக்கிழமை காலையில் குளத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அகமது கபீர் ஜவுளிக்கடையிலிருந்து நாலு நாற்காலி வந்திருந்தது. கர்ணம் வீட்டிலிருந்து ஆறு வெள்ளி டம்ளர். லாரி முதலாளி வீட்டு ரேடியோவைத் தலையாரி பேச்சிமுத்து தலையில் சுமந்து வந்து இறக்கிக்கொண்டிருந்தான். கொல்லையில் யார் வீட்டுப் பசுவோ இரண்டு நின்று வைக்கோல் கேட்டுக் கத்தின.

“இவ்வளவும் யாரு குடுத்தா?”

“நான் வாயத் திறக்குமுன்ன அவங்களே அனுப்பி வைச்சாங்கட்டி” என்றார் பிள்ளை பெருமையாக. “நம்ம மேல ஊருக்கு அம்புட்டு மதிப்பு.”

இன்ஸ்பெக்டர் கர்ணத்தோடு வந்தார். வயதில் சின்னவர், வேலைக்குப் புதுசு, கையில் நோட்டு. உட்கார்ந்ததும் ரேடியோ அவர் கண்ணில் பட்டது.

“பெரிய செட்டா இருக்கே! மத்தியானச் செய்தி போடுங்களேன்.”

வீட்டில் கரண்டே கிடையாது.

“செய்தியெல்லாம் மனசுக்குக் கஷ்டம் சார்” என்றார் பிள்ளை. “நான் கேக்குதது இல்ல.”

குழல்வாய்மொழி முன்னால் வந்தாள். இனி வெட்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

“சார், வீட்ல கரண்டு இல்ல. ரேடியோ எங்களுது இல்ல. அந்த டம்ளரைத் திருப்பிப் பாருங்க, பேரு வெட்டியிருக்கும். எங்க வீட்டு ஆளு யாருக்காவது அந்தப் பேரு உண்டான்னு கேளுங்க.”

இன்ஸ்பெக்டர் டம்ளரைத் திருப்பினார். கர்ணத்தின் அப்பா பெயர் அதில் அழகாக வெட்டியிருந்தது. கர்ணத்துக்கு முகம் வெளுத்தது.

நாறும்பூநாத பிள்ளை மட்டும் கலங்கவில்லை.

“அது அடகுக்கு வந்தது, சார்.”

“அடகா?”

“கஷ்டம்னு வந்து நிக்காங்க. இல்லன்னு எப்பிடிச் சொல்ல?”

இன்ஸ்பெக்டர் நாற்காலியின் முதுகைத் திரும்பிப் பார்த்தார். ‘அகமது கபீர் ஜவுளி’ என்று எழுதியிருந்தது.

“இதுவுமா?”

“சாயபுக்கும் கொஞ்சம் நெருக்கடி.”

தன் அப்பாவின் டம்ளர் அடகுக்குப் போனதாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு கர்ணம் வாயை மூடி உட்கார்ந்திருந்ததுதான் குழல்வாய்மொழிக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊரிலேயே மானஸ்தர் என்று பெயர் எடுத்தவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு, “ஆமா சார், அண்ணாச்சிக்கு இரக்க மனசு” என்று வேறு சொன்னார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு பாயசம் சாப்பிட்டுவிட்டு நோட்டில் எழுதினார். வயல் வருமானம் பன்னிரண்டாயிரம். வட்டித் தொழில் மூவாயிரம். பசு இரண்டு.

அன்று முழுக்க அவள் அப்பாவோடு பேசவில்லை. பிள்ளை அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. சாயங்காலம் வரை நாற்காலி நாலிலும் மாறி மாறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் பிறந்து, இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. தாசில்தாரையே பார்த்துவிடுவது என்று புறப்பட்டாள். அவர் குற்றாலத்தில் முகாம் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். சாரல் விழுந்துவிட்டால் எந்த அதிகாரிக்கும் அங்கே முகாம் போட ஏதாவது அவசர காரணம் வந்துவிடும்.

ஐந்தருவிக்குக் கொஞ்சம் தள்ளி, உடம்பெல்லாம் எண்ணெய் வழியத் துண்டோடு தாசில்தார் நின்றுகொண்டிருந்தார். எண்ணெய் ஊறுவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்ததால் மனு கேட்கத் தடையில்லை என்று சேவகன் அவளை விட்டான்.

“சார், எங்க அப்பா ஏழை சார்.”

“என்னம்மா?” அருவி இரைச்சலில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“எங்க அப்பா ஏழை!”

“யாரு?”

குழல்வாய்மொழி மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள். “நாறும்பூநாத பிள்ளை! எங்க அப்பா! பரம ஏழை சார்!”

குளிக்க நின்ற கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. குதிரை வண்டியிலிருந்து அப்போதுதான் இறங்கிக்கொண்டிருந்த நாறும்பூநாத பிள்ளையும் பார்த்தார்.

அவருடைய முகம் ஒரு கணம் சுருங்கிப் போயிற்று. அதைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு வலித்தது. சொன்னது தப்பில்லை, இப்படிச் சொல்ல வேண்டியிருந்ததே என்றுதான் வலித்தது. அவர் பக்கத்துப் பழக்கடைக்குப் போனார். ஒரு கூடை மங்குஸ்தான் பழத்தைக் கடனுக்கு வாங்கித் தாசில்தார் ஜீப்பில் வைக்கச் சொன்னார்.

“பிள்ளைய ஒண்ணும் நெனச்சுக்காதீங்க சார். கணக்கு அதிகமாப் படிச்சா இப்பிடித்தான் ஆகுமாம்.”

தாசில்தார் கூடையைப் பார்த்தார், பெண்ணையும் பார்த்தார். எண்ணெய் ஊறியிருந்தாலும் நல்ல மனிதர்.

“இதோ பாரும்மா. உங்க அப்பாவுக்கு வசதி இல்லைன்னு உங்க ஊர்ல மதிப்பான ஆள் ஒருத்தர், ஒரே ஒருத்தர், எழுதிக் குடுக்கட்டும். நான் சீல் போடுறேன். சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்.”

ஒருத்தர்தானே! குழல்வாய்மொழிக்குப் பாதி எம்.எஸ்ஸி. முடிந்துவிட்ட மாதிரி இருந்தது. சனிக்கிழமை காலையில் முதலில் அகமது கபீரிடம் போனாள். நாற்காலி கொடுத்தவருக்கு நாற்காலி இல்லாத வீடு தெரியாதா?

“அத மட்டும் கேக்காத மவளே” என்றார் கபீர். எதிரே கிடந்த துணியை விரித்து மடித்துக்கொண்டே இருந்தார்.

“உங்களுக்கு எங்க நெலம தெரியும்லா மாமா?”

“தெரியும். அதான் எழுத முடியாதுங்கேன். வேணும்னா நூறு ரூவா தாரேன், வாங்கிக்கோ.”

“வருஷத்துக்கு எண்ணூறு வேணும் மாமா.”

“அம்புட்டுக்கு நான் எங்க போவேன்? நானும் ஏழைதான் தாயி. கர்ணமே எழுதித் தந்திருக்காரு, காட்டட்டுமா?”

லாரி முதலாளி, அவள் வருகிறாள் என்று தெரிந்ததும் லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். ரிப்பேர் பார்க்கிறாராம். வெளியில் தெரிந்த காலைப் பார்த்துப் பேசினாள். கால் பதில் சொல்லவில்லை. பசுக்காரர் சாமி வந்தவர்போல் தலையை ஆட்டி, “அய்யா மகாராஜாம்மா, மகாராஜா” என்றார். ஆறு மாதப் பால் பாக்கி இருந்த பால்காரியும் அதையேதான் சொன்னாள்; பாக்கியைக்கூடக் கேட்கவில்லை.

மணி நாலரைக்குக் கர்ணத்தின் மேஜைக்கு முன்னால் மறுபடியும் நின்றாள்.

“மாமா, உங்க டம்ளரை அடகு வச்சதா எங்க அப்பா சொன்னப்ப நீங்க ஏன் சும்மா இருந்தீங்க?”

கர்ணம் பேரேட்டைத் திறந்து அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

“ஒரு வரிதான மாமா. எழுதுங்க. இன்னும் அரை மணி நேரந்தான் இருக்கு.”

“என் கை எழுதாதும்மா” என்றவர், பேரேட்டை அப்படியே விட்டுவிட்டுக் கொல்லைப்புறமாக எழுந்து போய்விட்டார்.

குழல்வாய்மொழி படியில் உட்கார்ந்து அழுதாள். ஊரே சேர்ந்து தன்னை இப்படி அடைத்துப்போடுவது ஏன் என்று அவளுக்கு விளங்கவில்லை. தேங்காய் எண்ணுகிற வீடு கண்முன் வந்தது. தலையாரி பேச்சிமுத்து சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இரண்டு படி கீழே வந்து உட்கார்ந்தான்.

“அண்ணாச்சி, எங்க அப்பா பணக்காரர்னு இந்த ஊரு நெசமாவே நம்புதா?” என்று கேட்டாள்.

“ஒரு பய நம்பல, தாயி. ஆனா இந்த ஊருல பதினோரு பிள்ளைங்க சர்க்கார் கடன்ல படிக்காங்க, கர்ணம் மவன், சாயபு மவன், லாரிக்காரர் மவன்னு. பதினோரு தாள்லயும் ஜாமீன் கையெழுத்து உங்க அய்யாதான். அவரு ஏழைன்னு சீல் விழுந்தா அம்புட்டுப் பேரும் பொட்டியத் தூக்கிட்டு வரணும், அதுல நெசமான ஏழை ஒருத்தன்தான், அவன் என் மவன்.”