கவ்வாத்து வெட்டிய தலை

என் அக்கா புருஷனை எனக்கு இன்றைக்கும் கண்டால் ஆகாது. (அக்காவுக்காகத்தான் அந்த ஆளை வீட்டுக்குள் விடுகிறேன்.)

டயகம தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை கிடைத்த வருஷமே என் உச்சந்தலை காலியாகத் தொடங்கியது. ஓட்டுரிமையும் குடியுரிமையும் தோட்டத் தமிழர்களான எங்களை விட்டுப் போயிருந்த காலம். தலைமுடியுமா போக வேண்டும்? அந்த நேரம் பார்த்து, ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி, மகள் செல்வத்தைப் பெண் பார்க்க வரச் சொல்லியிருந்தார். தேர்த் திருவிழாவில் அவளைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வழுக்கையனுக்கு அவளை எவன் கொடுப்பான்?

மச்சான் ஹட்டனில் எவனோ விற்ற முடித்தைலத்தோடு வந்து சேர்ந்தார்.

"தேயிலை எப்படி மாப்பிள்ளை துளிர்க்குது? கவ்வாத்து வெட்டி மொட்டையாக்குறோம், உரம் போடுறோம், குபுகுபுன்னு வருதுல்ல? தலையும் அப்படித்தான்."

கவ்வாத்துக்கு ஆள் பிரித்துவிடுகிற நானே இதை நம்பினேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். சவரக்கத்தியால் தலையை வழித்து, அந்தக் கீறல்கள் மேலேயே பாதிப் போத்தலை ஊற்றித் தேய்த்தார் அந்தப் பாவி. போத்தலில் 'இரண்டு சொட்டு' என்று போட்டிருந்தது. விடிவதற்குள் தலையெல்லாம் கொப்புளம்.

"கவ்வாத்து வெட்டுன கையோட உரம் போடுவியா நீ? துளிர் விட்ட பொறவுதானே போடுவ? செடிக்கு இருக்கிற மரியாதை தலைக்கு இல்லையா?" என்று ஏசிக்கொண்டே, தோட்டத்து மருந்துக்கார ஐயா தலை முழுக்க ஊதா மருந்தைப் பூசிவிட்டார். புண் ஆறியது. ஊதா போகவில்லை.

கம்பளிக் குல்லாவோடு பெண் பார்க்கப் போனேன். குளிருக்குத்தான் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. மச்சான் வாய் சும்மா இருக்குமா?

"சாமி விளக்கு எரியுது, குல்லாவக் கழட்டு மாப்பிள்ளை."

கழற்றினேன். கங்காணி முகம் செத்துப்போனது.

"இது என்ன வியாதிங்க தம்பி?"

மச்சான் பெருமையாகக் கவ்வாத்துக் கதையை முதலிலிருந்து சொன்னார். அந்த ஆளின் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. கங்காணி பேச்சை முடித்துக்கொண்டு எழுந்தேவிட்டார்.

பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து செல்வத்தின் குரல் வந்தது.

"இருங்கப்பா. கவ்வாத்து வெட்டுன தேயிலை மலைய யாராச்சும் வேணாம்பாங்களா? துளிர் வரட்டும், பார்ப்போம்."

அந்தத் தையிலேயே கல்யாணம் நடந்தது. துளிர்தான் வரவில்லை. இப்போதும் தோட்டத்தில் கவ்வாத்து தொடங்கினால் போதும், செல்வம் பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு என் தலையைத் தடவிப் பார்ப்பாள்.

"இந்த மலையில கொழுந்து இல்ல. வேற மலைக்குப் போங்க புள்ளைகளா."

முதலில் விழுந்து விழுந்து சிரிப்பது என் மச்சான்தான்.