பக்கெட் மேனேஜருக்கு வார லீவு

உலகத்திலேயே சாம்பார் ஊற்றிய ஒரே மேனேஜர் எங்கள் பக்கெட் மேனேஜர்தான். இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

எண்பதுகளின் கடைசியில் எனக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, பூந்தமல்லியில் ரூம். பெங்களூர் ரோட்டோரம் ஒரு சின்ன ஓட்டலில்தான் வயிற்றுப்பாடு. அங்கே சர்வராக இருந்த ஒருவரை முதலாளி ஒருநாள் கூப்பிட்டு, "இன்னிலேர்ந்து நீதான்யா மேனேஜர்" என்றார். புது வெள்ளைச் சட்டை கொடுத்தார். கையிலிருந்த சாம்பார் பக்கெட்டை மட்டும் வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார். மறதியா அது! மேனேஜருக்கு வார லீவும் கிடையாது, ஓவர்டைமும் கிடையாது, அதெல்லாம் தொழிலாளிக்குத்தான் என்று முதலாளி காதில் யாரோ ஓதியிருக்கிறார்கள். கொஞ்ச நாளில் பரோட்டா போடுகிறவரும் மேனேஜர், மாவு ஆட்டுகிறவரும் மேனேஜர். அந்த ஓட்டலில் தொழிலாளி என்று பார்த்தால் வாசலில் படுத்திருந்த பூனை ஒன்றுதான். அதுவும் வாரம் பூராவும் லீவில் இருந்தது.

நம்ம ஆள் இதற்கெல்லாம் அலட்டிக்கொள்ளவில்லை. நிஜப்பேர்கூட யாருக்கும் தெரியாத அந்த மனுஷர் பாதி நேரம் ஓட்டலிலேயே இருக்கமாட்டார். உடம்பு மட்டும்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் கலைந்து, ஃபேன் மட்டும் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கெட்டைத் தொங்கவிட்டபடி ரோட்டைப் பார்த்து நிற்பார். லாரிகள் போகும், தாரின்மேல் வெயில் நெளியும், அவர் கண் எங்கேயோ சொருகியிருக்கும். அப்படி ஒருநாள் என் இலையில் ஊற்ற ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சோறு மிதந்தது, அப்பளம் கப்பல் விட்டது, மிச்சம் என் மடிக்கு வந்துவிட்டது.

"அண்ணாத்தே! எங்க கீற?" என்று அலறினேன்.

"அயனம்பாக்கம் ஏரில நைனா," என்றார் கண்ணைச் சிமிட்டாமல். "தண்ணி சில்லுனு கீது. ஊட்டுக்காரி கால நனைச்சிகினு குந்திகினு கீறா."

கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியை அந்த ஏரிக்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஒரே ஒரு பகல் போதும். அதற்குத்தான் வழியில்லை. "மேனேஜரே லீவு போட்டா கடைய யாரு பாத்துப்பா?" என்பார் முதலாளி. பாவி மனுஷன்! கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் காலை, லேபர் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று சேதி வந்தது. முதலாளி ஓடிவந்து பக்கெட்டைப் பிடுங்கி மேஜைக்கு அடியில் ஒளித்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு இவரை உட்கார வைத்தார்.

"யாரு கேட்டாலும் மேனேஜர்னு சொல்லு. சேர உட்டு எழுந்தே, வேலை காலி. ஆமா!"

வந்த இன்ஸ்பெக்டர், "முதல்ல டிபன்" என்று உட்கார்ந்துவிட்டார். அடுத்த மேஜையில் நான். பாதி இட்லி போவதற்குள் அவர் இலையில் சாம்பார் வற்றிவிட்டது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காய்ந்த இட்லியைப் பார்த்துக்கொண்டு நம்ம ஆளால் சும்மா இருக்க முடியுமா? நாற்காலியில் நெளிந்தார். கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். கண் மெல்லச் சொருகியது. போச்சுடா என்று நினைத்தேன். தூக்கத்தில் நடப்பவர் மாதிரி எழுந்தார், பக்கெட்டை எடுத்தார், "சாம்பார் சார்" என்று ஊற்றியே விட்டார்.

முதலாளி பல்லைக் கடித்தது எனக்குக் கேட்டது.

இன்ஸ்பெக்டர் நிதானமாக இட்லியைப் பிட்டார். "நீங்க யாரு?"

"மேனேஜரு சார்."

"அப்ப ஆளுங்களுக்கு லீவு குடுக்கறது நீங்கதான். கடைசியா யாருக்குக் குடுத்தீங்க?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மனுஷர் இன்னும் பாதி ஏரியில் இருந்தார்.

"எனுக்கே கெடைக்கல சார், நான் எங்க போயி குடுக்கறது?"

ஓட்டலே கொல்லென்று சிரித்தது. இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து முதலாளியிடம், "பக்கெட் தூக்கறவர் மேனேஜர் இல்லைங்க. வாரத்துல ஒரு நாள் லீவு குடுங்க, ஓவர்டைமும் குடுங்க. இவரை வேலையை விட்டு எடுத்தீங்கன்னா அதுக்கும் நான் வருவேன்" என்றார். அந்த ஆபீசரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது எனக்கு.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவருக்கு முதல் லீவு. அன்று என் இலையில் சாம்பார் சரியான அளவில் விழுந்தது. எனக்குப் பிடிக்கவே இல்லை. மனசு கேட்காமல் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு அயனம்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

கரையில் வேலமர நிழலில் ரெண்டு பேரும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் துள்ளி எழுந்தார். "வா நைனா! சாப்ட்டியா?" என்று தூக்குச்சட்டியைத் திறக்கப் போனார். அவர் சம்சாரம் கையைத் தட்டிவிட்டார்.

"நீ குந்துய்யா. இன்னிக்கு நான் போடறேன்."

குந்தினார். கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே அவருக்குத் தெரியவில்லை. அந்தம்மா தட்டில் புளிச்சோறு போட்டு நீட்டினார். ஒரு வாய் எடுத்து, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே மெதுவாக மென்றார். அத்தனை வருஷத்தில் அந்த மனுஷர் உட்கார்ந்து சாப்பிட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் ஒரு பருக்கை தொடவில்லை, வயிறு நிறைந்துவிட்டது.