எலும்பைக் காத்த விகுதி

மனிதகுலத்தின் எலும்புகளைத் தாங்கி நிற்பது சுண்ணாம்புச் சத்து என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பாவம், அவர்கள் எங்கள் கம்பெனிக்கு வந்ததில்லை. தாங்கி நிற்பது இலக்கணம். குறிப்பாக, 'லாம்' என்ற விகுதி. மருந்து டப்பாவின் மேல் அதை எழுதும் பெரும்பொறுப்பு என்னுடையது.

ஒரு கொடியின் வேரிலிருந்து எடுத்த சாறு எலும்புத் தேய்மானத்துக்கு உதவுமா என்று எங்கள் ஆய்வக அம்மாள் மூன்று வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவைக் கேட்க இயக்குநர் 'வரலாற்றுச் சிறப்புமிக்க' கூட்டம் ஒன்றைக் கூட்டினார். பிஸ்கட்கூட வந்தது.

"கண்ணாடித் தட்டுல வளர்த்த செல்லுல நல்லா வேலை செய்யுது சார். எலிகள்ல கொஞ்சம். மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாதான் மீதி தெரியும்" என்றார் அம்மாள்.

"எவ்வளவு நாளாகும்?"

"ரெண்டு வருஷம்."

"வேலை செய்யாதுன்னு நிரூபிச்சிட்டீங்களா?" என்றார் இயக்குநர்.

"இல்லை சார், ஆனா..."

"அது போதும். மனுஷங்க வாங்கிச் சாப்பிட்டு அவங்களே சோதிச்சுக்குவாங்க."

அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். நான் பேனாவைத் திறந்தேன். 'எலும்பு வலுப்படலாம். வலி குறையலாம். மாத்திரைகளிலிருந்து விடுதலை பெறலாம்.' இயக்குநர் எழுந்து நின்று கைதட்டினார்.

தம்பி எழுதிய டப்பா என்ற பெருமையில் என் அக்காவும் ஒன்று வாங்கினாள். டாக்டர் வாரம் ஒன்று என்று கொடுத்திருந்த எலும்பு மாத்திரையை அன்றோடு நிறுத்தினாள். 'விடுதலை பெறலாம்' என்பதை 'பெற வாய்ப்புண்டு' என்ற பொருளில் நான் எழுத, அவள் 'விடுதலை பெற அனுமதியுண்டு' என்று படித்துவிட்டாள். தமிழ் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது. குற்றம் மொழியினுடையது, நான் வெறும் ஊழியன்.

பத்தாவது மாதம் குளியலறை வாசலில் கால் வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். விழக்கூட இல்லை. அதற்கே இடுப்பெலும்பு முறிந்தது.

கம்பெனி கண்ணும் கருத்துமாக விசாரித்து இரண்டே நாளில் அறிக்கை வெளியிட்டது: 'வாடிக்கையாளர் உட்கார்ந்த விதம் மருந்தின் செயல் எல்லைக்கு அப்பாற்பட்டது.' அதையும் நான்தான் எழுதினேன். நல்ல நடை என்று பாராட்டு வேறு.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா காலை அசைக்க முடியாமல், கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"ரொம்ப வலிக்குதாக்கா?"

"அது கிடக்கட்டும்டா. உனக்கும் போன வருஷம் எலும்பு தேஞ்சிருக்குன்னு சொன்னாங்களே, இப்ப எப்படி இருக்கு?"

"பரவாயில்லைக்கா."

"அப்ப உனக்காவது கேட்டிருக்கு. எத்தனை வேளை சாப்பிடறே? நான்தான் அளவு தப்பாச் சாப்பிட்டுட்டேனோ என்னவோ."

குரலில் குத்தலே இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நான் அதைச் சாப்பிடறதில்லைக்கா. டாக்டர் கொடுத்த மாத்திரைதான். ஒரு வாரம்கூட விட்டதில்லை."

என் பணிக்காலத்தில், சந்தேகத்துக்குத் துளியும் இடமில்லாமல் நான் சொன்ன வாக்கியம் அது ஒன்றுதான்.