காய்ப்புக்குள் குடியிருந்த பாவம்

பாவத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் எங்கள் சரக்குக் கிடங்கின் பின்கட்டுக்கு நீங்கள் வரவில்லை என்று பொருள். அங்கேதான் தேய்ப்பு மகான் எழுந்தருளியிருந்தார். வெந்நீரில் காலை ஊறவைப்பார். சொரசொரப்பான கல்லால் தேய்ப்பார். சாம்பல் நிறத்தில் திரிதிரியாக உருண்டு வரும். "பாத்தியா, உன் பாவம்!" என்பார். கூட்டம் வாயைப் பிளக்கும். பிளந்த வாய் மூடுவதற்குள் உண்டியல் நிறையும்.

வந்தவன் எவனும் பாவமில்லாமல் தப்பவில்லை. அதிலும் கையிலோ காலிலோ காய்ப்பு இருந்தால் தொலைந்தான். "இது கெட்டிப்பட்ட பாவம்" என்பார் மகான். ஆக, மூட்டை தூக்குகிறவனும் மண்வெட்டி பிடிக்கிறவளும் மகாபாவிகள். கிடங்கு முதலாளியின் காலை மட்டும் பட்டுத்துணியால் ஒற்றியெடுத்துவிட்டு, "மாசு மருவில்லாத பாதம்" என்று அறிவித்தார். ஓசியில் இடம் கொடுத்தவர் காலில் பாவம் ஒட்டுமா என்ன?

மூட்டைக்காரன் ஒருவன் உள்ளங்கை, உள்ளங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கை சிவந்து, கசிந்து, எரிந்தது.

"பாவம் இன்னும் பாக்கி இருக்காம், திரும்ப வரச் சொன்னாரு. ஆனா நாளைக்கு லோடு வருது அக்கா. நான் போகலைன்னா மேஸ்திரி வேற ஆளைப் போட்டுடுவான்."

அக்கா ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற நர்ஸ். கையைப் பார்த்ததும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"புத்தி கெட்டவனே! தோலுன்னா ஒத்தை ஏடாடா? அடுக்கடுக்கா இருக்கும். அடியில புதுசு பொறக்கும், மேல வர வர செத்துப் போகும். உரசலை அந்தச் செத்த அடுக்குதான் வாங்கிக்கிட்டு உதிரும். மெல்லுற வாய்க்குள்ளகூட அடுக்குதான். எங்க ரொம்ப உரசுதோ அங்க தோல் தடிக்கும். உன் உடம்பே உனக்குத் தைச்சுக் குடுத்த உறைடா அந்தக் காய்ப்பு! அதைக் கழட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே!"

"அப்ப உருண்டு வந்தது?"

"செத்த தோல். உன் மகான் காலைத் தேய்ச்சாலும் வரும்."

"வந்தா, நம்ம பாவத்தை எல்லாம் அவர் வாங்கிக்கிட்டாருன்னு சொல்லிடுவாங்க அக்கா."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "சரி, அவர் கால் வேண்டாம்" என்றாள்.

மறுநாள் கூட்டத்தின் நடுவே எழுந்து நின்றாள். "சாமி, ஆள் முகம் பாக்காம பாவத்தைச் சொல்லுவீங்களா?"

"முகம் எதுக்கும்மா? பாதமே என்கிட்ட பேசும்!" மகானுக்குத் தலைகால் புரியவில்லை.

படுதா கட்டினாள். படுதாவுக்குப் பின்னால் இருந்தவரின் காலை முன்கூட்டியே ஊறவைத்திருந்தாள், எல்லோரையும் போல வெந்நீரில். கீழ்வழியாக நீண்ட காலை மகான் தேய்த்தார். திரிதிரியாக வந்தது.

"அய்யய்யோ! ஊரான் உழைப்பைத் தின்ன காலு! கூலிக்காரன் வயித்துல அடிச்ச காலு! ஏழு பிறவிக்கும் தீராது!"

அக்கா படுதாவை இழுத்தாள். வேட்டியை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் கிடங்கு முதலாளி! 'உங்க பாதம் சுத்தம்னு ஊருக்கே காட்டலாங்க' என்று அக்கா சொன்னதும் உச்சி குளிர்ந்து ஓடி வந்தவர்.

"யாருடா வயித்துல அடிச்சவன்?" என்று முதலாளி எழுந்தார்.

"அன்னைக்கு மாசு மருவில்லாத பாதம். இன்னைக்கு ஏழு பிறவிப் பாவமா சாமி?" என்றாள் அக்கா. "அன்னைக்குப் பட்டு, இன்னைக்குக் கல்லு. மாறினது அது ஒண்ணுதானே?"

மகான் கல்லை விட்டுவிட்டு உண்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடப் பார்த்தார். ஜனங்கள் விடவில்லை, உண்டியல் அங்கேயே உடைந்தது. அவர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அன்றைக்கு வந்ததுதான் என்று கிடங்கில் இன்றும் பேச்சு உண்டு.

அக்கா அதோடு விடவில்லை, முதலாளி பக்கம் திரும்பினாள். "உங்க இடத்துல வச்சுதான் என் தம்பி கையை உரிச்சாங்க. அது ஆறுற வரைக்கும் அவன் வேலை அவனுக்கே இருக்கணும்." இத்தனை பேர் பார்க்கிறார்களே, முதலாளி தலையாட்டித்தானே ஆகவேண்டும்? ஆட்டினார்.

கூட்டம் கலைந்தது. வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்: "அடுத்த தெருவுல ஒருத்தர் நாக்கைச் சுரண்டிப் பொய்யை எடுக்கிறாராமே, நிஜமா?"

நாலு நாள் உரசினால் உள்ளங்கைகூடப் புரிந்துகொண்டு தடித்துவிடுகிறது. எத்தனை மகான்கள் வந்து தேய்த்துவிட்டுப் போனாலும், நம் புத்திக்கு மட்டும் ஏன் அய்யா இன்னும் காய்ப்பே விழவில்லை?